ஊறல் தொட்டி

வேங்கிக்கால் தாண்டி, புதிதாக மனை போட்டிருக்கும் இடங்களுக்குப் பின்னால் ஒரு பழைய அரிசி ஆலை இருக்கிறது. மூடிப் பல வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அங்கே போய் இறங்கினோம். விஸ்காம் படிப்பில் கடைசி வருடம். ஒன்றரை நிமிடம் ஓடும் ஒரு ட்ரெய்லர் செய்து கொடுக்க வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது ரவுடிக் கதை. நந்தினி இயக்கம். பிரசாத் நடிப்பு. ஷாட்டுகளை முன்கூட்டியே கட்டம் போட்டு வரைந்து வைப்பது என் வேலை. என் பெயர் நூரைன்.

ஆலைக்கு எதிரே குடியிருக்கும் கன்னியம்மாளிடம் சாவி இருந்தது.

"களத்துலயே எடுத்துக்கோங்க. உள்ள இன்னா இருக்குது, தூசுதான்" என்றபடி கதவைத் திறந்து சாவியைக் கொடுத்தார்.

உள்ளே ஓட்டைத் தகரத்தின் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கியிருந்தது. காலடிச் சத்தம் ஒரு கணம் தாமதித்துத் திரும்பி வந்தது. முதலில் என்னை நிறுத்தியது வாடைதான். ஊறிய நெல்லின் புளித்த வாடை. ஈரமே இல்லாத இடத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். பதினோரு கட்டங்கள் வரைந்து முடித்தேன். பைக், கத்தி, கண்ணாடியைக் கழற்றும் கை, துரத்தல். கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எதைச் சொன்னாலும் நந்தினிக்குப் பிடிக்கவில்லை.

பிரசாத், மூலையில் இருந்த, நெல் ஊறவைக்கும் பெரிய சிமென்ட் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவன் அதுக்குள்ள ஒளியுறான். துரத்துறவங்க சுத்தி நிக்கிறாங்க. மூச்சு விடாம உக்காந்திருக்கான். அதோட முடியுது."

நந்தினி கை தட்டினாள். நான் வரைந்தேன். வரைந்ததைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது.

"கையை ஏன்டி மேல தூக்கி வரைஞ்ச? எதையோ தள்ற மாதிரி இருக்குது. மேல ஒண்ணும் இல்லையே."

எனக்கே தெரியவில்லை. ரப்பரை எடுத்தேன்.

"அழிக்காத, அப்படித்தான்" என்றான் பிரசாத், மிக மெதுவாக.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கன்னியம்மாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"இத யாரு சொன்னது உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை என்றோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு பையன். அடிதடில சுத்தினவன். வெட்ட வந்தவங்களுக்குப் பயந்து அந்தத் தொட்டிக்குள்ள எறங்கிட்டான். அடில சுருண்டு கெடந்திருக்கான். விடியகால இருட்டுல ஆலை ஆளுங்க உள்ள பாக்காம மூட்டை மூட்டையா நெல்லக் கொட்டி, தண்ணியத் திறந்து உட்டுட்டாங்க. மூணு நாள் ஊறணும் இல்ல? ஊறல் வாடைல அந்த வாடையும் தெரியல. நெல்ல வாரும்போதுதான்..."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில், வேண்டாம் என்று நான் சொன்னேன். நந்தினி கேட்கவில்லை. புதன்கிழமை ஒப்படைக்க வேண்டும், வேறு இடத்துக்கு யார் அனுமதி கொடுப்பார்கள் என்றாள். நான் பிரசாத்தைப் பார்த்தேன். அவன் என் காதருகே குனிந்தான்.

"வேணாம்னு சொல்லத்தான் நினைக்கிறேன் நூரைன். வாயில வர மாட்டேங்குது."

அப்போதே நான் அவனை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். சிரித்து மழுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பதினோரு ஷாட்டும் சீக்கிரம் முடிந்தன. கடைசி ஷாட்டுக்குப் பிரசாத் இரும்பு ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கினான். நந்தினி ஏணியின் உச்சியில் நின்று போனில் படம் பிடித்தாள். நான் கீழே தெர்மாகோல் அட்டையைப் பிடித்து அவள் சொன்ன பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பத்து விநாடி ஷாட்.

"ஆக்‌ஷன்."

வாடை வந்தது. இந்த முறை தொண்டை வரை வந்தது.

பத்து விநாடி கடந்தது. நந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது.

"சூப்பர்டா" என்று முணுமுணுத்தாள்.

தொட்டியின் சுவரில் என் தோள் பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து ஏதோ சரியும் ஓசை. மூட்டை பிரித்துக் கொட்டுவது போல.

"நந்தினி, போதும்."

"இருடி."

ஓசை நின்றது.

"கட்" என்றாள் அவள்.

அவன் எழுந்திருக்கவில்லை.

நான் மறுபக்கச் சுவரைப் பிடித்து ஏறினேன். தொட்டி வறண்டு கிடந்தது. அவன் சட்டை காய்ந்திருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேல் விரிந்து விறைத்திருந்தன. நான் வரைந்த மாதிரியே.

உள்ளே குதித்து அவனைத் திருப்பினேன். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"எந்த ஏரியில போட்டு எடுத்துட்டு வந்தீங்க?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் முழுக்கத் தண்ணீர், தண்ணீரில் உமி. வீடியோவைக் காட்டினோம். ஒரு நிமிடம் பத்து விநாடி. வறண்ட தொட்டியில் ஒருவன் இல்லாத ஒன்றை மேலே தள்ளுகிறான், வாயைத் திறக்கிறான், அடங்குகிறான். அதைப் பார்த்த பிறகு யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. எங்களைக் குற்றவாளிகள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நந்தினி கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன் செய்தால் ஒரே வாக்கியம்தான். "நல்லா நடிக்கிறான்னு நெனச்சேன்டி."

இரண்டு மாதம் கழித்து பிரசாத்தின் அம்மா அருணாதேவி கூப்பிட்டார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி அவர்கள் வீடு. திட்டப்போகிறார் என்று தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எம் புள்ள வீட்டுக்கு வர்றான்மா" என்றார். "அவன் பாயை விரிச்சு வைக்கிறேன். காலைல பாத்தா சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குது. தெனமும் வெயில்ல காயப் போடுறேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட ஒரு பையனையும் கூட்டினு வர்றான். அதனால ரெண்டு பாய் போட்டேன். ரெண்டும் நனையுது."

உள்ளறையின் கதவைத் தள்ளினார். சிமென்ட் தரையில் மூன்று பாய்கள் வரிசையாக விரித்திருந்தன. இரண்டில் ஈரம் கறுத்துப் படிந்திருந்தது.

"மூணாவது யாருக்கும்மா?" என்றேன்.

"தெரியலம்மா. போடச் சொன்னான், போட்டேன்."

குனிந்து தொட்டுப் பார்த்தேன். இன்னும் காய்ந்துதான் இருந்தது. நடுவில் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல் ஒரு ஆள் படுத்த தடம். என் உயரம் இருந்தது.