எந்த பக்தி?

என் அண்ணன் யஸ்வந்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் அவனால்தான் பஸ்ஸை விடுகிறோம்.

திருப்பதியில் எங்கள் தெருமுனைக்கு வந்தால் மலை தெரியும். மலையைப் பார்த்ததும் எல்லோரும் "கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். நானும் அப்படித்தான். அண்ணன் மட்டும் நின்றுவிடுவான். போட்டுக்கொள்வான். முகத்தைச் சுளிப்பான். கை சரியாகப் படவில்லையாம். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

"சரியா போட்டுக்கினேனா கீர்த்தி?"

"போட்டுக்கின! வாண்ணா, பஸ்ஸு போயிடும்!"

"நெஜமா?"

"நெஜமாத்தான்!"

கொஞ்ச தூரம் நடப்பான். மறுபடியும் அதே கேள்வி. அதற்குள் பஸ் எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் நான் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

எனக்குத் திட்டு. அவனுக்குப் பாராட்டு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பாராட்டுவதில் முதல் ஆள் பக்கத்து வீட்டுத் தாட்சாயணி அத்தை. அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. எங்களோடு பேசும்போது தமிழையும் தெலுங்கையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டித் தருவார். அண்ணனைக் கண்டால் போதும், "எந்த பக்தி! இந்த வயசுல எந்த பக்தி!" என்று உருகுவார். தெலுங்கில் 'எந்த' என்றால் 'எவ்வளவு' என்று அர்த்தம்.

அதைக் கேட்டால் நைனாவுக்குத் தலைகால் புரியாது. நைனா என்றால் எங்கள் அப்பா; ஆட்டோ ஓட்டுகிறார். பிச்சாட்டூரிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்ததே அந்த ஆட்டோவை நம்பித்தான். சவாரி வருகிறவர்களிடமெல்லாம், "எம்புள்ளைக்கு மலையப் பாத்தா காலு நகராதுங்க" என்று பெருமையடிப்பார்.

நகராதது பெருமையா? அதுதானே தொல்லை!

ஒரு திங்கட்கிழமை காலை, ரோட்டைக் கடக்கும்போது பாதியிலேயே அண்ணன் நின்றுவிட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டே நிற்கிறான். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. நான் அவன் பையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பையின் வார் அறுந்தது. இரண்டு பேரும் ஓரத்தில் போய் விழுந்தோம்.

"உனக்கு அறிவு இருக்குதா?" என்று கத்தினேன். "உன் பக்தில தீய வைக்க!"

அண்ணன் மூடியிருந்த கடை ஒன்றின் படியில் உட்கார்ந்தான். அழுதுகொண்டிருந்தான்.

"பக்தி இல்ல கீர்த்தி."

"பின்ன இன்னா?"

"பயம். சரியா போட்டுக்கலன்னா நைனா ஆட்டோ கவுந்துடும்னு மண்டைக்குள்ள வந்துக்கினே இருக்குது. அப்படியெல்லாம் ஆவாதுன்னு எனக்கே தெரியும். ஆனா உட மாட்டேங்குது. போட்டுக்கினா கொஞ்ச நேரம் சும்மா இருக்குது. அப்புறம், 'நீ சரியா போட்டுக்கல'ன்னு திரும்ப வருது."

"ஊட்ல சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படி சொல்றது? எல்லாரும் பக்தி பக்தின்றாங்க."

என் கோபம் போகவில்லை. ஆள்தான் மாறிப்போனது. அண்ணனை இப்படி ஆட்டி வைக்கும் அந்தப் பயத்தின் மேல் எனக்கு வெறியே வந்தது.

மலைக்குப் படியேறிப் போகும்போது குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள். தின்றுவிட்டுப் போய்விடும் என்று நினைப்பீர்கள். போகாது. பின்னாலேயே வந்து பையைப் பிடித்து இழுக்கும். அண்ணனும் அந்தப் பயத்துக்குப் பழம் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். "சரியா போட்டுக்கின" என்று நான் சொல்வதும் ஒரு பழம்தான்.

அன்று சாயங்காலம் தாட்சாயணி அத்தை சித்தூரிலிருந்து வந்த தன் சொந்தக்காரர்களை எங்கள் மொட்டைமாடிக்கே அழைத்து வந்துவிட்டார். மாடியிலிருந்து மலை நன்றாகத் தெரியும்.

"யஸ்வந்த், ஒருக்கா கும்புடு கண்ணா. இவங்க பாக்கட்டும்."

என் அண்ணன் என்ன, வித்தை காட்டுகிறவனா? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மறுபடியும் போட்டுக்கொண்டான். நிறுத்த முடியவில்லை. நைனா பூரித்துப்போய் நின்றார். அத்தை இரண்டு கைகளையும் கூப்பி, "எந்த பக்தி!" என்றார்.

"நானும் அதத்தான் கேக்கறேன் அத்தை!" என்று கத்தினேன். "தமிழ்ல கேக்கறேன். எந்த பக்தி? எது பக்தி?"



"கீர்த்தி! பெரியவங்ககிட்ட இன்னா பேச்சு இது?" என்று நைனா அதட்டினார்.

"அவன் கையப் பாரு நைனா, எப்படி நடுங்குதுன்னு. நீ சாமி கும்புட்டா உனக்கு நடுங்குதா? நிம்மதியாத்தானே இருக்குது? அவனுக்கு ஒரு நாளாவது நிம்மதியா இருந்துச்சான்னு கேளு!"

நைனா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். "சொல்லுண்ணா" என்றேன்.

"உன் ஆட்டோ கவுந்துடும்னு பயமா இருக்குது நைனா," என்றான் அண்ணன். "நிறுத்தவே முடியல."

நைனாவின் முகம் மாறிவிட்டது. அப்படியே குந்தி, அண்ணனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "எனக்காகவாடா இத்தினி நாளா?" என்றார்.

"அய்யய்யோ, நாக்கு தெலியலேதே! எனக்குத் தெரியலையே!" என்று தாட்சாயணி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விருந்தாளிகளைப் பார்த்து, "இங்க என்ன வேடிக்கை? கீழ போங்க!" என்று விரட்டினார். கூட்டி வந்ததே அவர்தான்!

அந்த வாரமே அம்மா எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இதற்கு ஓசிடி என்று பெயராம். பைத்தியம் இல்லையாம். நிறையப் பேருக்கு வருமாம், சரியும் ஆகுமாம். ஒரே ஒரு தடவை போட்டுக்கொண்டு, பயம் இருந்தாலும் நடக்கப் பழக வேண்டும் என்றார் டாக்டரம்மா. "சரியா செஞ்சேனா?" என்று அவன் கேட்டால் வீட்டில் யாரும் பதில் சொல்லக் கூடாதாம். நான் குரங்குக் கதையைச் சொன்னேன். "இந்த நாற்காலில நீயே வந்து உக்காந்துடு" என்று சிரித்தார்.

சொல்வது சுலபம். செய்வதுதான் கஷ்டம். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய்ப் பழகினான். சில நாள் முடிந்தது. பல நாள் முடியவில்லை.

ஒரு நாள் காலை தெருமுனையில் அண்ணன் ஒரு தடவை போட்டுக்கொண்டான். ஒரு கை கன்னத்தில் படாமல் காதில் பட்டது. நானே பார்த்தேன்.

"சரியா போட்டுக்கினேனா?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"சொல்லுடி!"

"சொல்ல மாட்டேன்."

"கல்லு மனசுடி உனக்கு!" என்று கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டியது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் முகம் தெளிந்துவிடும். அதனால்தான் சொல்லவில்லை.

"எனக்கு உன்மேல கோவம் இல்லண்ணா. உன்ன பயமுறுத்துது பாரு, அது மேலதான் கோவம். பஸ்ஸு வருது. நீ வரியா, இல்ல அதோட நிக்கறியா?"

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதினார். கடைசி நொடியில் அண்ணன் ஓடிவந்து ஏறினான்.

என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை. கண்ணை இறுக மூடிக்கொண்டான். பஸ் போய்க்கொண்டே இருந்தது. மெல்ல மெல்ல அவன் மூச்சு சாதாரணமானது.

திடீரென்று என் விலாவில் ஒரு இடி.

"எழுந்திரு. ஜன்னல் எனக்கு."

"இன்னாத்துக்கு?"

"நான்தான் பெரியவன். எழுந்திருடி!"

அது மலைப்பக்க ஜன்னல். மலையைப் பார்த்தால் மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று பயந்து, எத்தனையோ மாதமாக பஸ்ஸில் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாதவன் இடம் கேட்டுச் சண்டைக்கு வருகிறான்! எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் ஜன்னலை விட்டுக்கொடுப்பேனா? கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "முடியாது போடா!" என்றேன்.