மூன்று பத்துக்கு நிற்கும் காற்று

நிலவின் குவிமாடக் குடியிருப்பான நிலாக்குடியில் தினமும் பிற்பகல் மூன்று பத்துக்கு எல்லோரும் முகமூடி மாட்டிக்கொள்வார்கள். சோறு பரிமாறுகிறவர் கரண்டியைக் கீழே வைப்பார். சண்டை போடுகிறவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். குழாய்கள் காற்றையெல்லாம் தொட்டிகளுக்குள் இழுத்துக்கொண்டு, சரியாக ஒன்பது நிமிடம் கழித்துத் திருப்பிவிடும். நூற்று நாற்பது ஆண்டுகளாக இப்படித்தான். ஏன் என்று கேட்டால், காற்று சுத்தமாகிறது என்பார்கள் சிலர். பலர் கேட்பதேயில்லை.

அருளப்பன் கேட்க வேண்டியதாயிற்று. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவன் மகளுக்குப் பொருந்தும் முகமூடி நிலவிலேயே இல்லை. நேற்று செவிலி மூச்சு ஊட்டும் கைப்பம்பை விடாமல் அழுத்தியும் குழந்தை நீலம் பாரித்துவிட்டது. “இன்னைக்கும் அப்படின்னா தாங்காதுங்க” என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

காற்றை ஆளும் கணினி நிரலைப் பராமரிப்பதுதான் அருளப்பனின் வேலை. பராமரிப்பது என்றால், அதைத் தொடாமல் இருப்பது. இன்று காலை முதல் முறையாக உள்ளே போனான். எண்பதாயிரம் வரிகள். மாறிகளின் பெயர்கள் அ, அ2, தற்காலிகம், புதிது, புதிது_கடைசி, புதிது_கடைசி_இதுதான். ஓரிடத்தில் ‘காற்று’ என்ற பெயர் தண்ணீரைக் குறித்தது. அவன் தேடியதைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டேமுக்கால். ஒரே ஒரு வரி. அதன் மேலே குறிப்பு: ‘ஏன் என்று கேட்காதே. இப்போதைக்கு ஓடுகிறது.’

அந்த வரியை நீக்க அவன் விரலை நீட்டினான்.

“அதை எடுத்துடப் போறியா?” அடுத்த இருக்கையிலிருந்த தில்லைநாயகி எழுந்தே விட்டாள். “‘புதிது’ன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தொட்டி வெடிக்காம இருக்கத்தான் அந்த வரின்னா என்ன பண்ணுவ? நாலாயிரம் பேருப்பா. என் புள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடத்துல இருக்கு.”

“தெரியலக்கா. எழுதினவன் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாம்.”

அவன் மனைவி ரெஜினா ஃபோனில் அழைத்தாள். “ஏங்க, மூணு ஆகிடுச்சு...”

மூன்று எட்டுக்கு அந்த வரியை நிறுத்தினான். தடுக்க நீண்ட தில்லைநாயகியின் கை பாதியில் நின்றது. அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

மூன்று பத்து. குழாய்கள் இழுக்கவில்லை. தினமும் இந்நேரம் திறக்கும் அடைப்பு திறக்காததால் தொட்டியின் அழுத்தமுள் நடுங்கியது, சிவப்பை நோக்கி ஏறியது. என்ன காரியம் செய்துவிட்டோம்! சிவப்பைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் முள் நின்றது. நின்றபடியே இருந்தது. மூன்று பதினாறுக்கு மெல்ல இறங்கத் தொடங்கியது.

மூன்று பத்தொன்பதுக்கு ரெஜினாவின் குரல் உடைந்து வந்தது. “ஏங்க, பாப்பா அழுவுறா! நல்லா கத்தி அழுவுறா!”

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தில்லைநாயகி பழைய கோப்புகளைத் துழாவி, நிரலை எழுதியவனின் வேலைப் பட்டியலைப் பிடித்துவிட்டாள். சத்தமாக வாசித்தாள்: “‘தொட்டி தாங்குமா என்று பார்க்கத் தினமும் ஒன்பது நிமிடச் சோதனை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நீக்க வேண்டும்.’ அடப்பாவி!”



“நீயாவது எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைப்பா” என்றாள்.

வரியை நிரந்தரமாக நீக்கும்முன் திரை கேட்டது: ‘மாற்றத்துக்கான காரணம்?’

பிள்ளையைப் பார்க்கும் அவசரத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்த அருளப்பன், ஒற்றை விரலால் தட்டினான்:

‘சிறு திருத்தம். விவரம் பிறகு.’