சார்ஜ் நிற்காத போன்

பழைய போன் கம்பெனிக்கு அவன் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு. மகளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு ராத்திரியில் போனில் காசு தீர்ந்துபோய், கம்பெனியிடமே கடனாகக் கேட்டு வாங்கிய பேச்சு நேரம் அது. அதைக் கட்டாமலேயே நம்பரைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான். அவன் வேலை பார்க்கும் கிடங்கில் எல்லோரும் செய்கிறதுதான். கடனுக்குப் பேசித் தீர்த்துவிட்டு இடத்தைக் காலி செய்வது. பழைய சிம்மோடு பாக்கியும் தொலைந்தது என்பது அவர்கள் கணக்கு. புதுக் கம்பெனியில் பாதி விலைதான், மாதம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கலாம். சிம் மாற்றிக் கொடுத்த கடைக்காரர் கழற்றிப் போட்ட பழைய சிம்மை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

முதலில் தெரிந்தது சூடு.

தரை ஓடுகள் அடுக்கிய கிடங்கு அது. கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள், நடுவே ஆள் நுழைகிற சந்துகள், வெயில் ஏற ஏறத் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம், வெட்டிய ஓட்டின் வெள்ளைத் தூசி நாக்கிலும் புருவத்திலும் படிந்து காய்ந்த வாசனை. அந்தப் புழுக்கத்திலும், சட்டைப் பைக்குள், நெஞ்சுக்கு நேராக, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு தனிச் சூடு இருந்தது. எடுத்துப் பார்த்தான். காலையில் நூறு காட்டிய போன், மதியச் சோற்றுக்கு உட்காருவதற்குள் முப்பதுக்கு இறங்கியிருந்தது. அதுவரை அவன் அதைத் தொடவே இல்லை.

கிடங்கில் அவனுக்குப் பட்டப்பெயர் உம்மணா. எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பான். அதற்கு மேல் வாயிலிருந்து எதுவும் உதிராது. வீட்டிலும் அப்படித்தான். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. மற்ற நாளெல்லாம் கிடங்குக்குப் பின்னால், தகரம் போட்ட அறையில் படுக்கை. அங்கிருந்து மனைவியைக் கூப்பிடுவான். அவள் பேசுவாள், இவன் ‘ம்’ போடுவான், அவள் அலுத்துப்போய் வைத்துவிடுவாள்.

“யோவ் உம்மணா, என்னய்யா, புதுப் பொண்டாட்டி மாதிரி அதையே பாத்துட்டு இருக்க?” என்றான் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவன்.

“சார்ஜ் நிக்க மாட்டேங்குது.”

“அடடா, வாயத் தொறந்துட்டான்டா! இன்னிக்கு மழைதான். குடு இங்க.” கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு, பேட்டரிக் கணக்குப் பக்கத்தைத் திறந்தான். “எது குடிக்குதுன்னு இதுல தெரிஞ்சிரும்.” புருவம் ஏறியது. “கள்ளப்பய! ஆறு மணி நேரம் பேசியிருக்கியே! எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா மூஞ்சிய எட்டு முழம் நீட்டுவ. யாருய்யா அது?”

“நான் பேசல.”

“அப்ப போன் பொய் சொல்லுதா?”

ஃபோர்க்லிஃப்ட்காரன் பேசிய நம்பர்களின் பட்டியலைத் திறந்தான். அதில் ஒன்றுமில்லை. மூன்று நாளைக்கு முன் மனைவியோடு பேசிய இரண்டு நிமிடம்தான் கடைசி. திரும்பவும் பேட்டரிப் பக்கத்தைப் பார்த்தான். ஆறு மணி நேரம் இருந்தது இப்போது ஆறு மணி நேரம் நான்கு நிமிடமாக ஏறியிருந்தது. சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டான்.

“டவர் கெடைக்காம தேடிட்டே கெடக்கும்யா. தேடித் தேடியே சார்ஜ் போயிரும். பேசாம பழசுக்கே போயிரு.”

ஆனால் டவர் நிறைய இருந்தது. அத்தனை கோடும் நிமிர்ந்து நின்றன.

பொழுது சாய்ந்ததும் மனைவியைக் கூப்பிட்டான். அவள் எடுத்ததுமே சிரித்தாள்.

“என்னங்க, மறுபடியுமா? இப்பத்தானே வச்சீங்க!”

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான்.

“என்ன சத்தத்தையே காணோம்? பேசிப் பேசித் தொண்டை கட்டிருச்சா? நேத்து விடிய விடியப் பேசுனீங்களே! உங்கப்பா உங்களப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்துன கதை, நீங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு பாடம் கேட்டது… இத்தன வருஷத்துல ஒருநாள் சொல்லியிருப்பீங்களா? நான் அழுதுட்டேங்க, தெரியுமா?”

அந்த ஜன்னலைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. துருப்பிடித்த கம்பி, அதைப் பிடித்த கையில் ஒட்டிய சிவப்பு, உள்ளேயிருந்து வந்த சுண்ணாம்புக்கட்டி வாசனை. அதெல்லாம் அவனுக்கு மட்டுமே தெரியும். அது நானில்லை என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. மகள் பிறந்த புதிதில் கேட்டது, அப்புறம் கேட்கவே இல்லை. சொன்னால் அது நின்றுபோகும்.

“ம்,” என்றான்.

அதோடு அந்தப் பேச்செல்லாம் அவனுடையது என்று ஆகிவிட்டது.

அன்று இரவு போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தான். வெளியே லாரிகள் ஓய்ந்து, தகரம் குளிர்ந்து சுருங்கும் சத்தமும் அடங்கி, தண்ணீர்த் தொட்டியில் சொட்டுகிற சொட்டு மட்டும் மிச்சமாக இருந்தபோது, தலையணைக்குள்ளிருந்து வந்தது இன்னொரு சத்தம். முணுமுணுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தையைத் தூங்கவைப்பது போல. போனைக் காதில் வைத்தான். திரை இருண்டிருந்தது. கண்ணாடி கன்னத்தைச் சுட்டது. உள்ளே, வெகு தூரத்தில், ஓர் ஆண் குரல் நிதானமாகப் பேசிக்கொண்டே போனது. நடுநடுவே அவன் மனைவியின் சிரிப்பு.

அந்த ஆண் குரலும் அவனுடையதுதான்.

அணைத்தான். அணைந்த போனிலிருந்தும் முணுமுணுப்பு வந்தது. துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் போட்டு, மேலே இரண்டு பெட்டி ஓடுகளை ஏற்றினான். காலையில் எடுத்தபோது துணி பழுப்பேறியிருந்தது. ஒன்பது சதவீதம்.

அதற்கப்புறம் தொண்டை கம்மத் தொடங்கியது. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, “தூசிதான். வெந்நி குடி, சரியாயிரும்,” என்றார். குடித்தான். சரியாகவில்லை. மனைவியைக் கூப்பிட்டால் லைன் பிஸியாகவே இருந்தது. கிடைத்த ஒருமுறையும் அவள் அவசரத்தில் இருந்தாள். “குட்டி உங்க கதையக் கேக்காமச் சாப்பிட மாட்டேங்கறா. வைக்கட்டுமா? நீங்கதான் அந்தப் பக்கம் லைன்ல கூப்பிடுறீங்களே,” என்றாள். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று அவளும் யோசிக்கவில்லை. இவனால் கேட்கவும் முடியவில்லை.

தொண்டை கம்மிய இரண்டாம் நாள் சந்துக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோர்க்லிஃப்ட் பின்னாலேயே வந்தது. கத்தினான். சத்தம் வரவில்லை. முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது. ஓட்டுகிறவன் குதித்து இறங்கினான், முகம் வெளுத்திருந்தது.

“நீ நின்னதே தெரியலையேய்யா… நேராப் பாத்துட்டுத்தானே வந்தேன்.”

அன்றே லீவு சொல்லிவிட்டு இறங்கினான். மேஸ்திரி கணக்கு நோட்டிலிருந்து நிமிரவில்லை. காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில்தான் சிம் மாற்றிய கடை. விளக்குப் போடுகிற நேரம். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் கல்லாவைத் தட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

“பழைய கம்பெனிக்கே மாத்திருங்க. பாக்கிய இப்பவே கட்டிடறேன்.”

“சத்தமா சொல்லுங்கண்ணே, காத்துதான் வருது.”

திரையில் நம்பரைக் காட்டினான். கடைக்காரர் தட்டிப் பார்த்தார்.

“பாக்கியே இல்லையே. முந்தாநாளே கட்டியாச்சு.”

“யாரு?”

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “நம்பர்காரர்தான். நல்லா கலகலன்னு பேசுவாரே! நின்ன நெலையில என்னைச் சிரிக்க வச்சே கொன்னுட்டார். பொண்ணுக்குக் கதை சொல்லணும்னு ஓடுனார். இங்க கெடந்த பழைய சிம்மையும் கேட்டு வாங்கிட்டுப் போனார்.” துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். “நீங்க அவருக்கு என்ன வேணும்? தம்பியா? லேசாச் சாயல் இருக்கு.”

பஸ் வந்தது. கைகாட்டினான். நிற்கவில்லை. அடுத்ததில் யாரோ ஏறுவதற்காக நின்றபோது தொற்றிக்கொண்டான். டிக்கெட் கேட்டு யாரும் வரவில்லை. பக்கத்துச் சீட்டில் ஆள் இருப்பதாக எண்ணாமலே ஒருத்தி தன் பையை அவன் மடிமேல் வைத்தாள். போனில் மூன்று சதவீதம். கூப்பிட்டான். மணி போனது. எடுத்தாள்.

“ஹலோ?”

கதவைத் திறக்காதே. குட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போ. அது நானில்லை. அவ்வளவையும் தொண்டையில் திரட்டித் தள்ளினான். காற்று வந்தது.

“ஹலோ, யாரு? பேசுங்க…” அப்புறம் போனை விலக்கி, யாரிடமோ. “உங்க நம்பர்தாங்க காட்டுது. மூச்சு மட்டும் வருது. பயமா இருக்கு.”

“குடு, நான் பாக்கறேன்,” என்றது அவன் குரல்.

இரண்டு சதவீதம்.

போன் கை மாறுகிற உரசல். பிறகு வாய்க்கு மிக நெருக்கமாக, பரிவாக, அலுத்துப்போன ஆளைத் தட்டிக்கொடுப்பது போல.

“ம்.”

திரை அணைந்தது.

மாடிப்படி. கைப்பிடிச் சுவரின் ஈரம். யார் வீட்டிலோ குக்கர். எந்தப் படியிலும் அவன் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. மூன்றாவது மாடி. கடைசிக் கதவு. கதவடியில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே கதை. கதைக்கு நடுவே மகளின் சிரிப்பு, விக்கலெடுக்கிற சிரிப்பு. அவளை அப்படிச் சிரிக்கவைக்க அவனுக்குத் தெரிந்ததே இல்லை.

தட்டினான். கை வலிக்கத் தட்டினான்.

கதை நின்றது.

காலடி. கதவுத் துளையில் இருந்த வெளிச்சப் புள்ளி மறைந்தது. வெகுநேரம் மறைந்தே இருந்தது. பிறகு சங்கிலி போட்டபடி, ஒரு கை அகலத்துக்குக் கதவு திறந்தது.

அவன் முகம். நன்றாகத் தூங்கித் தெளிந்த முகம். புருவத்தில் தூசி இல்லை.

“யாருப்பா?” மகள்.

“யாரும் இல்லடா கண்ணு,” என்றது, அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமலே.

இடைவெளி வழியாக ஒரு கை நீண்டது. அதே காய்ப்பு. ஓடு விழுந்து நசுங்கிய அதே கட்டைவிரல் நகம். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது. அவன் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். விரல்கள் தாமாகவே விட்டன. போன் போயிற்று. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

உள்ளே சார்ஜரில் போட்டதும் வருகிற சின்ன மணியோசை. மனைவி என்னமோ கேட்டாள். அது பதில் சொன்னது. இருவரும் சிரித்தார்கள். விட்ட இடத்திலிருந்து கதை தொடங்கியது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரர் குப்பைப் பையோடு வெளியே காலெடுத்து வைத்ததும், ஆள் நின்றால் தானாக எரிகிற நடைபாதை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பையை மூலையில் வைத்தார். அவனைத் தாண்டி, அவன் நிற்கிற இடத்தின் வழியாகச் சுவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

விளக்கு அணைந்தது.

அவன் அதற்கு நேர் கீழே போய் நின்றான். கையைத் தூக்கினான். ஆட்டினான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, வாயை அகலத் திறந்து, எம்பி எம்பி ஆட்டினான்.

விளக்கு எரியவில்லை.