முதற்பெயர்

அவள் அந்தப் பெயரைக் கூப்பிட்ட விதம் சரியில்லை.

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கைபேசித் திரையில் மூடுபனிக் கோட்டை அழகாக விரிந்தது. அதன் வாசலில், ஓலைத் தொப்பி முகத்தை மறைக்க, ஒருத்தி நின்றாள். "வருக, வீரரே. இருளின் படைகள் நெருங்கிவிட்டன" என்று செய்தி வாசிக்கிறவர்களின் தமிழில் அளந்து அளந்து பேசினாள். நிரோஷன் சின்ன மைக்கைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, இந்த ஊரில் சோறு தின்னக் கூப்பிடுவதும் இலக்கணத்தோடுதான் இருக்கும் போல என்று தன் நேயர்களுக்காக ஒரு நையாண்டியைப் பதிவு செய்துகொண்டிருந்தான். அப்போதுதான் அவள் கூப்பிட்டாள்.

"காளிமுத்தூ..."

ஒரு மலையில் நின்று எதிர் மலைக்குக் கேட்க வைப்பதுபோல, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டாள். அப்படி இழுப்பவர்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். ஜப்பானில் யாரோ உட்கார்ந்து செய்த விளையாட்டுக்கு அந்த இழுவை எங்கிருந்து வந்தது? போதாததற்கு, எந்த விளையாட்டும் ஆடுகிறவனின் பெயரை வாய்விட்டுச் சொல்லாது. திரையில் எழுதிக் காட்டும், அவ்வளவுதான். ஊரில் இருக்கிற பெயரையெல்லாம் யார் உட்கார்ந்து குரலில் பதிவார்கள்?

காளிமுத்து அவனுடைய அப்பா. ஹுன்னஸ்கிரியவில் ஆயுள் முழுக்கத் தோட்ட வேலை பார்த்தவர். தீபாவளிக்கு முன்னால் பாரிசவாதம் வந்து வலப் பக்கமும் விழுந்தது, பேச்சும் போனது. அன்றிலிருந்து மஹய்யாவையில் மகன் வீட்டின் உள்ளறையில் கிடக்கிறார். பேச்சு திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்த 'வரலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிரோஷன் தினமும் அவர் வாயருகே காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளையாட்டில் அவர் பெயர் ஏறியது நிரோஷன் செய்த தப்பு. கணக்குத் தொடங்கும்போது முதற்பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று இன்னொரு கட்டம். பள்ளிக்கூடம் தொட்டு வங்கிவரை காளிமுத்து நிரோஷன் என்றே எழுதிப் பழகிய கை அது. முதலில் வருவதை முதல் கட்டத்திலும் மிச்சத்தை அடுத்ததிலும் போட்டுவிட்டது. உலகத்தில் பாதிப் பேருக்கு முதலில் வருவது சொந்தப் பெயர். நமக்கு முதலில் வருவது அப்பன் பெயர். இந்தக் குளறுபடியால் விமான நிலையத்தில் திருதிருவென்று முழித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். விளையாட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவனும் அப்படியே விட்டுவிட்டான்.

தொராகாஜி என்றால் அவனுக்கு உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சிங்களத்தில் குரல் கொடுத்த அந்த ஜப்பான் கார்ட்டூனை வாய் பிளந்து பார்த்த தலைமுறை. முப்பது வருஷமாக முடியாமல் ஓடும் அந்தக் கதை இப்போது கைபேசி விளையாட்டாக, அதுவும் முதல் தடவையாகத் தமிழில் வந்திருக்கிறது. பிலிமத்தலாவையில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஷிராஸும் அவனும் சேர்ந்து நடத்தும் யூடியூப் சேனலில் இன்று இரவுக்குள் விமர்சனம் போட வேண்டும். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று ஷிராஸ் காலையிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாத்தளை வீதியில் பஸ்களின் ஹோர்ன் சத்தம் ஈரத்தில் மங்கி வந்தது. பகல் முடியுமுன்பே வீடு இருட்டிவிட்டது. சுவரில் ஊறிய ஈர வாடையும் உள்ளறையிலிருந்து தைல வாடையும் கலந்து வந்தன. குசினியில் சுகிர்தா தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு மாச வயிற்றோடு அவளைத் துருவலையில் உட்கார வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் அவள் கேட்பதில்லை.

முதல் சண்டையை முடித்துக்கொண்டு நிரோஷன் கோட்டைக்குத் திரும்பினான். ஒவ்வொரு தடவை நுழையும்போதும் தொப்பிக்காரி வீரர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறாள். விடியற்காலையில் தோட்டத்தில் ஆட்களை நிறுத்திக் கூப்பிடும் பெரட்டு மாதிரியேதான். வீரர்கள் ஒவ்வொருவராக "வந்தேன்" என்றார்கள். கடைசியில் அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"காளிமுத்தூ..."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"வந்துட்டேங்க."

குசினியில் துருவும் சத்தம் நின்றது. அது அப்பாவின் குரல். கரகரத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்துப் போட்ட குரல்தான், ஆனால் அப்பாவுடையதே. அவன் ஓடினான். சுகிர்தா அவனுக்கு முன்னால் அங்கே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா பேசிட்டாருங்க," என்றாள்.

நிரோஷன் கட்டிலருகே முழங்காலிட்டு அப்பா, அப்பா என்று கூப்பிட்டான். காளிமுத்து மகனைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் சுவரில் இருந்தன, சரியாக அந்தச் சுவருக்கு அப்பால் கைபேசி கிடந்த இடத்தில்.

சுகிர்தா சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு மறுபடி துருவக் குசினிக்குப் போனதும், நிரோஷன் ஷிராஸுக்கு ஃபோன் போட்டு, உன்னிடம் விளையாட்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதா என்று கேட்டான்.

"பேரா? எனக்கு வெறும் வீரரே எண்டுதான் செல்லுது மச்சான்," என்றான் ஷிராஸ். "அந்தத் தொப்பிக்காரி வாயே தொறக்கல்ல. எழுத்து மட்டுந்தான் ஓடுது."

நிரோஷன் இணைப்பைத் துண்டித்தான். புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். அவனும் நிறுத்தத்தான் கையை எடுத்தான். ஆனால் திரையில் ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது. அடுத்த சண்டையை வென்றால் காளிமுத்துவின் பலம் உயரும்.

அந்த வரியை அவன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தானோ. பிறகு ஆடினான்.

சண்டை முடிந்தது. உள்ளறையில், மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த வலது கை போர்வையின் மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது. கண்ணால் கண்டான். பைத்தியம் பிடித்தவன் மாதிரி அடுத்ததையும் ஆடினான். அப்பா எழுந்து உட்கார்ந்தார். இன்னொன்று. கால்கள் தரையைத் தொட்டன. விமர்சனமாவது மண்ணாங்கட்டியாவது, மைக்கை எப்போது கழற்றி எறிந்தானென்றே தெரியவில்லை. வியர்வையில் திரை வழுக்கியது. மழைச் சத்தம், பஸ் சத்தம் எதுவும் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அந்தப் பெரட்டு வந்தது, அந்த இழுவை வந்தது, சுவருக்கு அப்பாலிருந்து பதிலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் பதில் கொஞ்சம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதில் அப்பா கொஞ்சம் குறைந்திருந்தார்.

அதை அவன் தாமதமாகத்தான் கவனித்தான். முதலில் வந்தது கரகரத்த "வந்துட்டேங்க". பிறகு "வந்துட்டேன்". இப்போது கேட்டது "வந்தேன்". அந்த வீரர்கள் சொல்வதுபோலவே, மேடு பள்ளம் இல்லாமல்.

நிரோஷன் கைபேசியோடு மெதுவாக உள்ளே போனான்.

காளிமுத்து கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிடிமானமில்லாமல், நேராக. பாரத்தை இடது காலுக்கு மாற்றினார். வலது காலுக்கு மாற்றினார். மோவாயைக் கொஞ்சம் உயர்த்தினார். பிறகு மறுபடியும் இடது கால், வலது கால், மோவாய். விளையாட்டில் வீரர்கள் கட்டளைக்காகச் சும்மா நிற்கும்போது ஆடுகிற ஆட்டம் அது. அவன் வாழ்நாளில் ஆயிரம் விளையாட்டில் பார்த்திருக்கிறான். மனிதன் அப்படி நின்று பார்த்ததில்லை.

"அப்பா."

இடது கால். வலது கால். மோவாய்.

"அப்பா, நாந்தான். என்னையப் பாருங்க."

கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. அவனுடைய முகத்தின் ஊடாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

நிரோஷன் திரையைப் பார்த்தான். வரிசையின் கடைசியில், கவசம் போட்ட வீரர்களுக்குப் பக்கத்தில், இடுப்பில் சாரம் கட்டிய ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். கொழுந்துக் கூடையும் உர மூட்டையும் சுமந்து சரிந்த தோள்கள். அந்தத் தோளில் ஏறித்தான் அவன் பெரஹரா ஊர்வலம் பார்த்தான்.

பதறிப்போய்த் திரையை அணைத்தான். அப்பாவின் மூச்சு பாதியில் நின்றது. வாய் திறந்தபடி, நெஞ்சு ஏறியபடி நின்றுவிட்டது. உதடு நீலமாகத் தொடங்கியது. மறுபடி திரையை எழுப்பினான். மூச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவனுக்கு அழுகை வந்தது. கணக்கை நீக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தான். திரை பணிவாகக் கேட்டது: காளிமுத்துவை அழிக்கவா? அழித்தால் மீட்க முடியாது.

இல்லை. இல்லை. இல்லை.

தன் தப்புத்தானே, தானே திருத்த வேண்டும். பெயர் மாற்றும் கட்டங்கள் திறந்தன. முதற்பெயரில் காளிமுத்து, குடும்பப் பெயரில் நிரோஷன். அப்பாவுக்குப் பதிலாக யாரையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் தன்னை நிறுத்துவதுதான் நியாயம் என்று பட்டது. பயமாகத்தான் இருந்தது, பிறக்காத பிள்ளையின் நினைப்பு வந்தது. ஆனால் ஒரு தந்திரமும் தோன்றியது. கூப்பிட்டால்தானே, அதற்குப் பதில் சொன்னால்தானே? அவன் வாயைத் திறக்கவே போவதில்லை. காளிமுத்து என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். அங்கே நிரோஷன் என்று போட்டான். மற்றக் கட்டத்தை, அப்பாவின் நிழல்கூடப் படாதபடி, வெறுமையாக விட்டான். ஆம் என்பதை அழுத்தினான்.

காளிமுத்து துணிமூட்டை சரிவதுபோலக் கட்டிலில் விழுந்தார். வலது கை செத்துத் தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியது. கண்கள் நனைந்து, தேடி, மகனைக் கண்டுகொண்டன. இடது கை எழுந்து அவன் கன்னத்தைத் தொட்டது. பேச்சு வரவில்லை. அவன் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினான். இது போதும், இப்படியே இருக்கட்டும், இவர் இவராக இருந்தால் போதும் என்று இருந்தது.

கைபேசி கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டது.

"நிரோஷா...ன்..."

தன் பெயரை அப்படி இழுத்து அவன் கேட்டதேயில்லை. நாக்கு தானாக எழுந்தது. இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்தினான். பல்லைக் கடித்தான். தொண்டைக்குள் பதில் முட்டி மோதியது. விடவில்லை.

"நிரோஷா...ன்..."

விடவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூச்சு முட்டியது. விடவில்லை. அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரி தலையைக் கொஞ்சம் சாய்த்து, காத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட ஆளில்லாமல் அவள் போய்விடுவாள் என்று நம்பினான்.

குசினியில் துருவும் சத்தம் நின்றது.

"ஆ, வந்துட்டேன் மிஸ்."

அவனுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சுகிர்தாவின் கிளினிக் அட்டை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் எழுதுவதெல்லாம் நிரோஷன் சுகிர்தா என்றுதான். முதலில் இருக்கிற பெயரையே நர்ஸான சிங்கள மிஸ் சத்தமாக வாசிப்பாள். ஆரம்பத்தில் வாங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை, அவளும் யோசிப்பதில்லை. நிரோஷன் என்றால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். பிறக்கப் போகும் பிள்ளைக்கும் அதுதான் முதற்பெயர்.

"சுகி!"

பதில் இல்லை. கால் செருப்பு தேயும் சத்தம் மட்டும் வந்தது. நிதானமாக. நின்றது.

குசினி வாசலில் அவள் நின்றாள். கைகளில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. கண்கள் இமைக்கவில்லை. பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். வலது காலுக்கு மாற்றினாள். மோவாயை உயர்த்தினாள். அவள் மோவாயை உயர்த்தி நிறுத்திய அந்த இடைவெளியில், சேலைக்குள் வயிறு தனியாக இடப் பக்கம் சரிந்தது, வலப் பக்கம் சரிந்தது, பிறகு உள்ளேயிருந்து ஏதோ ஒன்று மெதுவாகத் தலையை உயர்த்தியது.