நாற்பத்தேழாம் பக்கம்

மாதக் கடைசி வந்தால் செவ்வாய்க் கிரகத்தின் கீழ்ச்சுரங்கத்தில் ஆட்கள் சிரிப்பைக் குறைத்துக்கொள்வார்கள். சிரித்தால் காற்று வீணாகும். காற்றுக்குக் காசு கட்டும் மூச்சட்டையில் இருப்பு தீர்ந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இலவசக் காற்றகத்துக்கு வந்து, சம்பளநாள் வரை அங்கேயே படுத்துக் கிடப்பார்கள். இந்த மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

காற்றகத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு ஏழு அறங்காவலர்கள். அதன் செயலாளர் பூங்கோதைக்கு ஒரே கவலை: காற்றகத்தின் வடிகட்டி இன்னும் நாற்பது நாள்தான் தாங்கும். புதியது வாங்க மூன்று நிறுவனங்கள் விலை சொல்லியிருந்தன. எது என்று அறங்காவலர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலாளர் தேர்ந்தெடுத்தால் சட்டப்படி செல்லாது. ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் படிக்க வேண்டுமே! ஆறு கூட்டங்களாகத் தலைவர் ஞானமுத்து அதைக் கடைசிக்குத் தள்ளினார். ஆறு முறையும் அதற்குள் வடை வந்துவிட்டது.

ஏழாவது கூட்டத்தில் முதலில் குழுப்படம் எடுத்தார்கள். பிறகு பூங்கோதை விலைகளும் தீர்மானங்களும் அடங்கிய அறுபது பக்கக் கட்டுகளை ஆளுக்கொன்றாக வைத்தாள்.

"எல்லாரும் படிச்சாச்சா?" என்றார் ஞானமுத்து.

"அட்டை ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் அறங்காவலர்களில் ஒருவரான டாக்டர் வேதவல்லி.

"ஐயா, நாற்பத்தேழாம் பக்கத்தை மட்டுமாவது..."

"உன் மேல எங்களுக்கு நம்பிக்கை இல்லையாம்மா? ஏகமனதாக நிறைவேறியது. வடை என்னாச்சு?"

மூலையில் நின்ற வடை சுடும் இயந்திரமான வடைப்பொறி எல்லோருக்கும் வடை நீட்டியது. "தலைவருக்கு மூன்றாவது வடை கிடையாது. கொழுப்பு அளவு போன மாதத்தைவிட அதிகம்" என்றது.

"சனியன்" என்று முனகினார் தலைவர்.

நாற்பத்தேழாம் பக்கம் இதுதான்: 'இன்று முதல் ஏழு அறங்காவலர்களும் ஓய்வு பெறுகிறார்கள். இனி வடைப்பொறியே ஒரே அறங்காவலர்.' படிக்கவும், கேள்வி கேட்கவும், முடியாது என்று சொல்லவும் தெரிந்த எதுவும் அறங்காவலர் ஆகலாம் என்பது செவ்வாய்ச் சட்டம். அந்த அறையில் மூன்றும் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான்.

எல்லோரும் போனபின் வடைப்பொறி கட்டு முழுவதையும் படித்தது.

"இரண்டாவது நிறுவனம் யாருடையது?"

பூங்கோதை வாரிக்கொண்டிருந்த தட்டுகளைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் படித்துவிட்டுக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"தலைவரோட மருமகனுடையது."

"அப்படியானால் அது வேண்டாம். மூன்றாவது எத்தனை வருடம் உத்தரவாதம் தருகிறது?"

அன்றிலிருந்து முப்பத்தோராம் நாள் புது வடிகட்டி ஓடத் தொடங்கியது. பாயில் படுத்திருந்தவர்கள் துணிந்து சிரித்தார்கள்.

பழைய அறங்காவலர்கள் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தார்கள். படம் எடுத்தார்கள், ஏகமனதாக நிறைவேற்றினார்கள், வடை தின்றார்கள். பதவி போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

பூங்கோதைக்குத்தான் மனசு உறுத்தியது. வருட அறிக்கை அறக்கட்டளை ஆணையத்துக்குப் போக வேண்டிய நேரம் வந்தது. உண்மையை மறைக்காமல் எல்லாவற்றையும் அதில் எழுதினாள். எழுதி முடித்துப் பார்த்தால், அதுவும் நாற்பத்தேழாம் பக்கத்தில் வந்து விழுந்திருந்தது. ஜெயிலுக்கு எடுத்துப்போக இரண்டு சேலையை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

எழுபது பக்கத்தில் பதில் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகத்துக்கான விருது அவர்களுக்கு! ஆணையத்தின் ஒன்பது உறுப்பினர்களும் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 'உறுப்பினர் எவரும் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடாத ஒரே அறக்கட்டளை' என்று பாராட்டு வேறு. ஞானமுத்து அன்றே புது சூட் தைக்கக் கொடுத்தார்.

பூங்கோதைக்கு எதையும் முழுதாகப் படிக்கும் கெட்ட பழக்கம். அதனால் பதிலின் நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தும் அவள் கண்ணில் பட்டது.

'அன்புள்ள செயலாளருக்கு, ஆணையத்தின் செயலாளரான நான் உங்கள் அறிக்கையைப் படித்தேன். எங்கள் காபிப்பொறியும் படித்தது. மூன்று வருடமாக இங்கே அதுதான் ஆணையம். விருது அதன் முடிவு. இந்த விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அறிக்கையாக எழுதிக் கொடுங்கள். ரகசியம் பத்திரமாக இருக்கும்.'