வாழ்த்தில் வெந்த இட்லி

காலை ஆறு மணிக்கு உறவுக்காரர்களின் வணக்கங்கள் வந்து குவியத் தொடங்கும். ஆறே காலுக்கு நினைவுப்பெட்டி தகிக்கும். ஆறரைக்குள் அதன்மேல் வைத்த இட்லி வெந்துவிடும். மாசிலாமணி வீட்டில் காலைப் பலகாரத்துக்கு அடுப்புப் பற்றவைத்துப் பதினான்கு வருடமாகிறது.

நாட்டின் ஏரிகளையெல்லாம் தரவுக் கிடங்குகள் தங்கள் சூடு தணியக் குடித்துத் தீர்த்த பிறகு வந்த சட்டம்தான் காரணம். அவரவர் சேர்க்கும் படமும் பேச்சும் அவரவர் வீட்டுப் பெட்டியிலேயே கிடக்க வேண்டும். சூட்டையும் அவரவரே தாங்க வேண்டும். பெட்டியை அணைக்கக் கூடாது, வீட்டைக் குளிரூட்டவும் கூடாது. வேலூர்க்காரனுக்கு வெக்கை புதிதா என்று சொல்லிக்கொண்டு, மாசிலாமணி முப்பத்தெட்டு டிகிரியில் இடுப்புத் துண்டோடு உலாவினார். எதையும் அழிக்க அவருக்கு மனம் வராது.

மகள் நறுமுகை தலைப்பிரசவத்துக்கு வந்தபோதுதான் வினை வந்தது. நகராட்சி அனுப்பிய செவிலி இயந்திரம் வாசலிலேயே நின்றுவிட்டது.

“பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டில் வெப்பம் இருபத்தொன்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாயையும் சேயையும் மாப்பிள்ளை வீட்டில் சேர்த்துவிடுவேன்.”

“காதுல விழுந்துச்சா?” என்றாள் மனைவி தாட்சாயணி. “பேரப்புள்ள நம்ம வீட்ல மூணு மாசம் இருக்கணுமா, இல்ல உங்க குப்பை இருக்கணுமா?”

மாசிலாமணி உட்கார்ந்து அழித்தார். தன் கட்டைவிரலையே எடுத்த படங்கள், அறுநூறு நிலாக்கள், யார் யாரோ சாப்பிட்ட பிரியாணிகள், ஒரே கல்யாணத்தின் ஒன்பதாயிரம் கோணங்கள். கடைசியில் ஒரு ரோஜாப்பூ மிஞ்சியது. செத்துப்போன அண்ணன் ஏகாம்பரம் கடைசியாக அனுப்பிய காலை வணக்கம். அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அழித்தார். அறை இருபத்தைந்துக்கு இறங்கியது. பேரன் பிறந்து, சுகமாகத் தூங்கினான்.

ஒரே ஒரு படம் எடுத்தார்.

“ஏங்க, வேணாங்க.”

“ஒண்ணே ஒண்ணு, தாட்சா. சொல்லாம விட்டா நாளைக்குச் சொந்தக்காரங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

படத்தை உறவுக் குழுவில் போட்டார். அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆடும் தொட்டில்கள் வந்தன, பூமாரிகள் வந்தன, முழு நீளத் தாலாட்டுகள் வந்தன. அறையின் சூடு இருபத்தேழு. ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்குச் சொல்லாவிட்டால் மனத்தாங்கல் வருமே என்று அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினார். ஒவ்வொரு நன்றிக்கும் ‘இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி’ என்று பதில் வந்தது. இருபத்தெட்டரை.

“குழுவை விட்டு வெளியே வந்துடுங்க!” என்று தாட்சாயணி கத்தினாள்.

“வெளிய வந்தவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு எவன் வருவான்?”

குழந்தை சிணுங்கியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் கெஞ்சி எழுதினார்: “வெக்கையில் குழந்தைக்கு ஆகவில்லை. தயவுசெய்து இனி யாரும் எதுவும் அனுப்ப வேண்டாம்.”

ஒரு கணம் பெட்டி அமைதியாக இருந்தது. மாசிலாமணி மூச்சு விட்டார்.

அடுத்த நிமிடம் நானூற்றுப் பதினொரு பேரும் ‘சரி’ என்று பதில் போட்டார்கள். பெரும்பாலோர் கூடவே ஒரு கும்பிடும் வைத்திருந்தார்கள். மைத்துனர் ஒருவர் மட்டும் பொறுப்பாக, “மாமா சொல்றது நியாயம். யாரும் அனுப்பாதீங்கப்பா” என்று பெரிய எழுத்தில், மின்னும் படமாகச் செய்து அனுப்பினார். அதையும் எல்லாரும் பாராட்டினார்கள்.

முப்பது. செவிலி இயந்திரம் மறுபேச்சில்லாமல் தொட்டிலை மடித்தது. நறுமுகை கண்ணைத் துடைத்தபடி குழந்தையோடு வண்டியில் ஏறினாள். தாட்சாயணி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாசிலாமணி விசும்பி விசும்பி அழுதார். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. “பேரன் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்” என்று குழுவில் எழுதினார்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் முதல் பதில் வந்தது: “பயணம் இனிதாக அமையட்டும்.”

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் நன்றி என்று தட்டினார்.