முகிலனின் இருபது நாட்கள்

காலை ஆறு மணிக்கு நினைவுக்கண்ணாடி கிணுகிணுத்தது. ஸ்டீபன் படுத்தபடியே கையை நீட்டி எடுத்து மாட்டிக்கொண்டார். முகத்தில் கண்ணாடி இருக்கிறதா, நாடி துடிக்கிறதா, இந்த இரண்டை மட்டும்தான் அது சோதிக்கும். கண் திறந்திருக்கிறதா என்று பார்க்காது. முதல் நாளே இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"குறட்டை வாசல் வரைக்கும் கேக்கு," என்றாள் மனைவி ஜெனிபா. "அந்தப் பையன் ஈரலை மட்டுமா குடுத்தான்? தூக்கத்தையும் சேத்துல்லா குடுத்திருக்கான்."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். போடி."

கண்ணாடிக்குள் முகிலனின் அரைமணி நேர வாழ்க்கை ஓடி முடிந்து அழிந்தது.

சட்டம் அப்படி. தூத்துக்குடியில் இப்போது எல்லார் காதுக்குப் பின்னாலும் நினைவுப்பொறி உண்டு. ஒருவர் இறந்து உறுப்பு தானமானால், அந்தப் பொறியில் இருப்பதை உறுப்பு வாங்கியவர்களுக்குப் பங்கு பிரித்துவிடுவார்கள். ஆளுக்குத் தொண்ணூறு காலை; காலைக்கு ஒரு நாளிலிருந்து அரைமணி நேரம். சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி முன்பின்னாகத்தான் வரும். ஒருமுறை ஓடினால் அழிந்துவிடும். இறந்தவரின் அந்தரங்கம் சந்தைக்கு வந்துவிடக் கூடாதல்லவா? தாய் தகப்பனும் பார்க்க முடியாது. பார்த்தவர் வருடத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போய் வாயால் சொல்ல வேண்டும். உயிருக்குக் கைமாறு அவ்வளவுதான்.

இன்று ஸ்டீபனின் முறை. ஓட்டுநரில்லா ஆட்டோ அவரை முகிலன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது.

தகப்பன் அபினேஷ் நாற்காலியை ஏற்கெனவே இழுத்துப் போட்டிருந்தார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். காலேஜை விட்டுட்டு வந்து நின்னான்னு தெருவுல வச்சு அவனை அறைஞ்சுட்டேன். பொறவு இருபது நாளு கூட்டாளி ரூம்லதான் கெடந்தான். அங்கயே பைக்ல அடிபட்டுப் போய்ச் சேந்துட்டான். அந்த இருபது நாளும் ஒங்க பங்குலதான் இருக்காம். என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

ஸ்டீபன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த இருபது நாளில் பெரும்பகுதி தன் முகத்தின் மேலேயே ஓடி முடிந்திருக்கும். ஒரு நொடிகூட அவரிடம் இல்லை.

"கோவமே இல்ல தம்பி," என்று வாய் தானாகச் சொன்னது. "டீ குடிச்சிக்கிட்டே கூட்டாளிகிட்ட சொன்னான். 'எங்கப்பா அடிச்சதுல தப்பில்லடா, போயி மன்னிப்பு கேக்கணும்'னான். நீலச் சட்டை போட்டிருந்தான்."

அபினேஷ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. வெகுநேரம் கழித்து, "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி," என்றார்.

சொன்னார். இந்தத் தடவை வெள்ளைச் சட்டை என்று வந்துவிட்டது.

அபினேஷ் நிமிர்ந்தார். "இப்பந்தான நீலம்னிய?"

ஸ்டீபன் நாற்காலியில் நெளிந்தார்.

"அந்த நீலம் வெளுத்துப்போச்சுல்லா," என்றாள் தாய் ஷாலினி, சமையலறை வாசலில் நின்றபடி. "வெயில்ல பாத்தா வெள்ளையாத்தான் தெரியும்."

"ஆமா, ஆமா," என்றார் அபினேஷ். அன்று அவர் ஐந்து இட்லி சாப்பிட்டார். ஸ்டீபனுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

வழியனுப்ப ஷாலினி மட்டும் கேட் வரை வந்தாள்.

"நீலச் சட்டையை அவன் எடுத்துட்டே போகல. பீரோவுலதான் இருக்கு," என்றாள். குரலில் சூடு இல்லை. "நீங்க பாக்கலையா?"

"தூங்கிட்டேம்மா." தரையைப் பார்த்தபடி சொன்னார். "தெனமும்."

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இவரு இன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டிருக்காரு. வர்ற வருசமும் வாங்க. இதையே சொல்லுங்க, மாத்திராதிய."

ஸ்டீபன் தலையாட்டினார்.

"மிச்சம் எத்தனை காலை இருக்கு?"

"ஒம்பது."

"அதையாவது முழிச்சிருந்து பாருங்க அண்ணாச்சி," என்றாள் ஷாலினி. "என்னைப் பத்தியும் ஏதாவது சொல்லியிருப்பான்."